யார் சொன்னால் ஊருக்குத் தெரியும்?

குளத்தூர் வட்டாரத்து மகளிர் சுயஉதவிக் குழுக்கள், உழவர் ஆர்வலர் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு:

புரட்டாசி பிறந்துவிட்டால் கரிசல்காட்டில் வானத்தைப் பற்றிய பேச்சுதான். உளுந்தையும் பாசியையும் மக்காச்சோளத்தையும் கம்பையும் புழுதியில் போட்டுவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிற மானாவாரி நிலம் இது. ஒரு மழை தப்பினாலும் மகசூல் போச்சு, அறுப்பு நேரத்தில் ஒரு மழை கூடினாலும் போச்சு. பயிர்க் காப்பீடு வேறெங்கும்விட இங்கே அவசியமாவது அதனால்தான். அதற்கான கெடு பெரும்பாலும் நவம்பர் நடுவோடு முடிந்துவிடும். முடிந்த மறுநாள் அடங்கலும் ஆதார் நகலும் வங்கிப் புத்தகமுமாக இ-சேவை மைய வாசலுக்கு வந்து, வெறுங்கையோடு திரும்புகிற சம்சாரிகள் வருசா வருசம் இருக்கிறார்கள். பணம் கட்ட மனமில்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. செய்தி பேப்பரில் வந்தது, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது, வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. அவர்கள் வீட்டு வாசலுக்கு மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

நாம் எல்லோரும் ஒரே முறையைத்தான் கையாள்கிறோம். ஊருக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் தலைவரிடம் சொல்கிறோம், குழுவின் ஊக்குநரிடம் சொல்கிறோம், ஆசிரியரிடம், கடைக்காரரிடம் சொல்கிறோம். பதவியில் இருப்பவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று நம்புகிறோம். ஆனால் பதவி வேறு, தொடர்பு வேறு. களையெடுப்புக்கு ஆள் கூட்டிப்போகிற பெண் ஒருவரை நினைத்துப் பாருங்கள். எந்தப் பிஞ்சையில் களை நிற்கிறது, யாருக்கு எத்தனை ஆள் வேண்டும், எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், யார் நாளைக்கு நூறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு ராத்திரியே தெரிந்திருக்க வேண்டும். இருட்டியதும் பதினைந்து வீட்டுக்குப் போனில் பேசுகிறார் அல்லது வாசலில் நின்று குரல் கொடுக்கிறார். விடிந்தால் பக்கத்து ஊர்க் காட்டில் நிற்கிறார். அங்கே வேறு ஊர்ப் பெண்களோடு நிரை பிடித்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே களை வெட்டுகிறார். அவர் எந்தக் குழுவிலும் பொறுப்பில் இருக்கமாட்டார். கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போடமாட்டார்கள். ஆனால் அவரிடம் ஒரு சேதியைக் கொடுத்தால் மறுநாள் மத்தியானத்துக்குள் அது மூன்று ஊர்களில் இருக்கும். செய்தியைப் பரப்பும் பொறுப்பைக் கொடுக்க நீங்கள் தேட வேண்டியது இப்படிப்பட்டவர்களை. தேடுவது சிரமமான காரியமும் இல்லை.

இது வெறும் யூகமில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, அருண் சந்திரசேகர், மேத்யூ ஜாக்சன் ஆகிய நால்வரும் கர்நாடகக் கிராமங்களில் நடத்திய ஆய்வுகள் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுபவை. முதல் ஆய்வு உங்கள் தொழிலைப் பற்றியதே. ஒரு நுண்கடன் நிறுவனம் 43 கிராமங்களில் கால்வைத்தபோது, ஒவ்வொரு ஊரிலும் ஆசிரியர், கடைக்காரர், சுயஉதவிக் குழுத் தலைவி போன்ற வழக்கமான ஆட்களிடமே முதலில் விவரம் சொன்னது. யார் வீட்டுக்கு யார் போவார், யாரிடம் மண்ணெண்ணெய் கடன் வாங்குவார், யாரோடு கோயிலுக்குப் போவார் என்று வீடு வீடாகக் கேட்டு, உறவுகளின் வரைபடம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது, முதலில் சொல்லப்பட்ட ஆள் அந்த வரைபடத்தின் நடுவில் இருந்த ஊர்களில் கடனில் சேர்ந்தவர்கள் கூடுதலாகவும், அவர் ஓரத்தில் இருந்த ஊர்களில் குறைவாகவும் இருந்தார்கள். இங்கே நடு என்பதற்கு அர்த்தம் முக்கியம். அவருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்ற கணக்கு பெரிதாக உதவவில்லை. அவருக்குத் தெரிந்தவர்களுக்கு எத்தனை பேரைத் தெரியும், அவர்களுக்கு இன்னும் எத்தனை பேரைத் தெரியும் என்பதே வித்தியாசத்தை உண்டாக்கியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: கடனில் சேராதவர்களும் சேதியைக் கடத்தினார்கள். சேர்ந்தவர்கள் அளவுக்கு மும்முரமாக இல்லை என்றாலும், மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்கள் வாய்வழியாகவே போயிருந்தது. உங்கள் குழுவில் உறுப்பினராக இல்லாதவர் உங்களுக்கு வேண்டாதவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

வீடு வீடாக வரைபடம் எடுக்க நம்மால் ஆகுமா? ஆகாது. 2019-ல் வெளியான அவர்களுடைய அடுத்த ஆய்வு இதற்கு ஒரு வழி சொன்னது. 213 கிராமங்களில் ஒரு சிறு சேதியைப் பரப்பப் பார்த்தார்கள்: இன்ன எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் செல்போனோ பணமோ பரிசாகக் கிடைக்கலாம் என்பதே அந்தச் சேதி. சில ஊர்களில் கண்ணை மூடிக்கொண்டு யாரோ சிலரிடம் சொன்னார்கள். சில ஊர்களில் பெரியவர்கள், மதிப்பு உள்ளவர்கள் என்று ஊர் சொன்னவர்களிடம் சொன்னார்கள். மீதி ஊர்களில், ஒரு விசயம் எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்றால் யாரிடம் சொல்லலாம் என்று ஊராரிடமே கேட்டு, அவர்கள் சுட்டிய ஆட்களிடம் சொன்னார்கள். யாரோ சிலரிடம் சொன்ன ஊர்களில் சராசரியாக 8 அழைப்புகள் வந்தன. பெரியவர்களிடம் சொன்ன ஊர்களில் 7. ஊரார் சுட்டியவர்களிடம் சொன்ன ஊர்களில் ஏறக்குறைய 12. ஹரியானாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசி முகாம்களுக்கு இதே முறையில் ஆள் தேர்ந்தெடுத்தபோது, கண்ணை மூடித் தேர்ந்தெடுத்த ஊர்களைவிட 22 சதவீதம் கூடுதலாகக் குழந்தைகள் வந்தார்கள். ஊருக்குத் தெரியும், கேட்டால் போதும். ஊரின் வரைபடம் யார் தலையிலும் முழுசாக இருக்காது. ஆனால் சேதி அடிக்கடி யார் வாயிலிருந்து தன் காதுக்கு வருகிறது என்பது ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கும். அந்த நினைவுகள் ஒரு சில பெயர்களில் போய்க் குவிகின்றன. பத்துப் பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், திரும்பத் திரும்ப வருகிற பெயர் மூன்றோ நாலோதான் இருக்கும்.

இதைச் சொன்னதும் முதலில் எழுகிற மறுப்பு மரியாதை பற்றியது. பெரியவர்களைத் தாண்டிப் போனால் மனஸ்தாபம் வரும், தலைவர் முறைத்துக்கொள்வார், நாளைக்கு ஒரு கையெழுத்துக்கு அவரிடம்தானே போக வேண்டும் என்பீர்கள். நியாயமான கவலை. பெரியவரை விட்டுவிடச் சொல்லவில்லை நான். அவரிடமும் சொல்லுங்கள், கூட்டத்துக்கு அவரையே தலைமை தாங்கச் சொல்லுங்கள். அவருடைய வேலை ஒரு காரியத்துக்கு ஊரின் சம்மதத்தைக் கொடுப்பது. சேதியைக் கொண்டு சேர்ப்பது வேறு வேலை, அதற்கு வேறு ஆள் வேண்டும். அந்த 7 என்ற எண் பெரியவர்களுக்கு அவமானமும் இல்லை. மதிப்பு மிக்க ஒருவர் வாசல் வாசலாகப் போய் மிஸ்டு கால் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டு நிற்பாரா? நிற்கமாட்டார். ஜனங்களும் அவரிடம் சாவகாசமாக நின்று நாலு கேள்வி கேட்கமாட்டார்கள். சந்தேகத்தைக் கேட்க முடியாத இடத்திலிருந்து வருகிற சேதி, காதில் விழுந்தாலும் கைக்கு வராது.

அடுத்த மறுப்பு போன் பற்றியது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது, இடையில் ஆள் எதற்கு என்கிறார்கள் இளைஞர்கள். 2003-ல் வெளியான ஒரு ஆய்வு இதை மின்னஞ்சலில் சோதித்தது. 13 நாடுகளில் உள்ள 18 பேருக்கு, தெரிந்தவர் வழியாகத் தெரிந்தவர் என்று செய்தியைக் கைமாற்றி அனுப்ப வேண்டும். 60,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். தொடங்கிய சங்கிலிகள் 24,163. போய்ச் சேர்ந்தவை 384. மற்றவை அறுந்துபோனதற்குப் பெரும்பாலும் காரணம் வழி இல்லாமை இல்லை. கடத்திவிட யாருக்கும் அக்கறை எழவில்லை. அனுப்புவதற்கு ஒரு விரல் போதும் என்கிற நிலையிலேயே இந்தக் கதி. வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான்: காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் காப்பீட்டுக் கெடு வந்து போய்விடும். “உனக்கு அந்த ரெண்டு குறுக்கம் உளுந்து இருக்கே, பணம் கட்டியாச்சா?” என்று பெயர் சொல்லிக் கேட்கிற ஒருவர் வேண்டும்.

ஆனால் அந்த மின்னஞ்சல் சோதனை என் வாதத்துக்கு எதிராகவும் ஒன்று சொல்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. சேர்ந்த சங்கிலிகள் ஒரு சில பெரும்புள்ளிகள் வழியாக மட்டும் போகவில்லை, பரவலாகவே போயிருந்தன. இதற்கு 30 வருசத்துக்கும் முந்தைய ஒரு சோதனை நேர்மாறாக இருந்தது. அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராமும் ஜெஃப்ரி டிராவர்ஸும் 296 பேரிடம் கடிதம் கொடுத்து, பாஸ்டனில் ஒரு பங்குத் தரகருக்குக் கைமாற்றி அனுப்பச் சொன்னார்கள். 1969-ல் வெளியான முடிவின்படி 64 கடிதங்கள் சேர்ந்தன. அவற்றில் கிட்டத்தட்டப் பாதி, கடைசிக் கட்டத்தில் மூன்றே மூன்று பேர் கைவழியாகத்தான் போயின. அவர்களில் ஒரு துணி வியாபாரி மட்டும் 16 கடிதங்களைக் கொண்டு சேர்த்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: இணைக்கிறவர்கள் உண்டு, அவர்கள் பெரிய வேலை செய்கிறார்கள், ஆனால் ஒருவரை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. அந்தத் துணி வியாபாரி கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தால் அந்த 16 கடிதங்களும் என்ன ஆகியிருக்கும்? ஊருக்கு ஒருவர் போதாது, தெருவுக்கு ஒருவராவது வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊருக்குள் சேதியைப் பரப்புகிறவர் ஒரு வகை. ஊருக்கு வெளியிலிருந்து சேதியைக் கொண்டுவருகிறவர் இன்னொரு வகை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டதைச் சொல்கிறார். அடிக்கடி என்றவர்கள் நூற்றில் சுமார் 17 பேர். எப்போதாவது என்றவர்கள் 56 பேர். ரொம்ப அபூர்வம் என்றவர்கள் 28 பேர். தினம் முகம் பார்க்கிற நெருங்கிய சொந்தத்துக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்தே இருக்கும். புதிய சேதி தூரத்துப் பழக்கத்திலிருந்துதான் வரும். நம் பக்கத்தில் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறுகிற பெண்களும், உப்பளத்துக்கு விடியுமுன் கிளம்புகிறவர்களும், மினிபஸ் கண்டக்டரும் அந்த வகை. நாலைந்து ஊர்ப் பெண்கள் முட்டி இடிக்க ஒரே வேனில் தினம் இரண்டு வேளை உட்கார்ந்து வருகிறார்கள். அதைவிட நல்ல சேதிப் பாதையை எந்தத் துறையாலும் போட்டுத் தர முடியாது. 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியபோது இப்படிப்பட்ட பாதையின் அருமை தெரிந்திருக்க வேண்டும். கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இருக்கிறது. நம் மானாவாரிக்கென்றே ‘கே’ என்ற எழுத்தோடு சோளமும் பருத்தியும் ரகம் ரகமாக வெளியிட்ட நிலையம். அறிவு அங்கே இருந்தது, புழு இங்கே குருத்துக்குள் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நடந்து போய் வரக்கூடிய ஆட்கள் போதுமான அளவு இல்லை.

இப்படி நடுவில் நின்று இணைத்தவர் ஒருவர் நம் கரிசலிலேயே இருந்தார். கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் சின்ன ஊர். 1923-ஐ ஒட்டி அங்கே பிறந்த இருவர், சம்சாரி வீட்டுப் பிள்ளை கி. ராஜநாராயணனும் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி சென்னைக்குப் போனார், பத்திரிகைகளில் வேலை பார்த்தார், ‘தமிழ் நேசன்’ இதழுக்காக மலேயா போனார். கி.ரா. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காமல் ஊரில் விவசாயம் பார்த்தார். இருவருக்கும் நடுவே கடிதங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. வெளியே போன நண்பர் ஒருவர் இருந்ததால், இடைசெவலின் ஒரு வீட்டுத் திண்ணைக்கு உலகம் வந்தது. அதோடு நின்றிருந்தால் அது இரண்டு பேர் நட்பு, அவ்வளவுதான். கி.ரா. தன்னிடம் வந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. கரிசல் எழுத்தாளர்களின் கதைகளைத் திரட்டி ‘கரிசல் கதைகள்’ என்று தொகுத்தார். சம்சாரிகள் வாயிலும் பெண்கள் வாயிலும் கிடந்த சொற்களைப் பலர் துணையோடு சேர்த்து 1982-ல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். இளைய எழுத்தாளர்கள் அவரை ‘நைனா’ என்று கூப்பிட்டார்கள். அவரைப் பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். சாகித்திய அகாதெமி விருது அழகிரிசாமிக்கு 1970-லும் கி.ரா.வுக்கு 1991-லும் இதே வட்டாரத்து எழுத்தாளர்களான பூமணிக்கு 2014-லும் சோ. தர்மனுக்கு 2019-லும் கிடைத்தது. அவரவர் விருது அவரவர் எழுத்தின் வலுவால் கிடைத்தது, அதை யார் கணக்கிலும் எழுத முடியாது. ஆனால் மழை குறைந்த இந்தச் சிறு வட்டாரத்தில் எழுதுகிறவர்கள் தனித்தனியாகக் கிடந்து மக்கிப்போகாமல் இருந்ததற்கு, ஒருவரை இன்னொருவரிடம் அறிமுகம் செய்துவைத்தவர்களுக்கும் பங்கு உண்டு. கி.ரா. 1989-ல் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்த பிறகும் கோவில்பட்டியில் எழுத்துக்கூட்டம் கலையவில்லை. இணைப்பு ஒருவர் கையோடு போய்விடவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

இணைக்கிறவர் எல்லோரும் நல்லவரா என்று கேட்பீர்கள். இந்த மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் நம் மிளகாய் வத்தல் வியாபாரம் கண்முன்னே இருக்கிறது. காட்டில் பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டு, சாக்கில் அமுக்கி வைத்திருக்கிற சம்சாரிக்கு விருதுநகரிலும் தூத்துக்குடியிலும் கமிஷன் கடையில் இன்றைக்கு என்ன விலை என்று நிச்சயமாகத் தெரியாது. கடைக்காரருக்கு யார் களத்தில் எவ்வளவு வத்தல் கிடக்கிறது என்று தெரியாது. நடுவில் நிற்கிற தரகருக்கு இரண்டும் தெரியும். அந்தத் தெரிதலுக்குத்தான் காசு. அமெரிக்கச் சமூகவியலாளர் ரொனால்ட் பர்ட் 1992-ல் ஒரு புத்தகமே இதைப் பற்றி எழுதினார்: ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நிற்கிறவருக்கு ஆதாயம் உண்டு. ஆதாயம் பெறுவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். தரகர் இல்லாவிட்டால் பல வருசம் வத்தல் களத்திலேயே கருத்துப்போயிருக்கும். முன்பணம் கொடுத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் நடத்திக்கொடுத்த தரகர்களும் இருக்கிறார்கள். கேள்வி வேறு: அவர் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்க்கிறாரா, அது நிரம்பிவிடாமல் பார்த்துக்கொள்கிறாரா? கடைக்காரர் போன் நம்பரைச் சம்சாரியிடம் கொடுக்கிறவர் முதல் வகை. “எதுனாலும் என்கிட்டச் சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லியே இரண்டு பக்கத்தையும் பிரித்து வைப்பவர் இரண்டாவது வகை. கடனுக்கு மனு வாங்கிக் கொடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்கிறவரும் இதில்தான் சேர்வார். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு உரைகல்லை வைத்துக்கொள்ளுங்கள்: அவரால் அறிமுகமானவர்கள் இப்போது அவர் இல்லாமலே ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா?

வாயாடிகளிடம் சேதியைக் கொடுத்தால் புரளியும் அப்படித்தானே பரவும் என்பது மெய்தான். 2018 மே மாதம் குழந்தை கடத்துகிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யால், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த முதிய பெண்ணை அடித்தே கொன்றார்கள். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு சேதியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்தது. அந்தப் பொய்யை முதலில் யார் அனுப்பினார்கள் என்று பெற்றவர் பலருக்கும் தெரியாது. நான் முதலில் சொன்ன களையெடுக்கிற பெண்ணிடமிருந்து வந்த சேதிக்கு முகம் உண்டு, வீடு உண்டு. பொய்யானால் மறுநாள் நிரையில் நின்று பதில் சொல்லியாக வேண்டும். புரளி பரவும்போது அதை மறுக்கவும் அவரே வேண்டும். உண்மையை அவருக்கு முதலிலேயே, சரியான தேதியோடும் சரியான தொகையோடும் கொடுத்துவிடுவது உங்கள் பொறுப்பு.

கடைசியாக, பேசத் தயங்குகிற ஒன்று. நம் ஊர்கள் தெருத்தெருவாகப் பிரிந்தவை; தெரு என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1997-ல் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, நமக்குப் பக்கத்துக் கவர்னகிரியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்ததை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் எழுந்தது; முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்தார்கள். எல்லோரும் ஏறுகிற பஸ்ஸுக்கே அந்த நிலை என்றால், சேதி ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு எத்தனை பேர் கையால் கடந்துபோகிறது என்று யோசியுங்கள். ஊராரிடம் பெயர் கேட்கும்போது உங்கள் தெருவில் மட்டும் கேட்டால் உங்கள் தெருவின் பெயர்கள்தான் வரும். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு ஊரையே எட்டிவிட்டதாக நினைத்தால், ஒவ்வொரு வருசமும் கெடு முடிந்த மறுநாள் வந்து நிற்கிறவர்கள் ஒரே தெருக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

நான் கேட்பது இதுதான். ஆவணி முடிவதற்குள் உங்கள் ஊரின் எல்லாத் தெருக்களிலும், தெருவுக்குப் பத்து வீட்டிலாவது, ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஒரு விசயம் எல்லாருக்கும் தெரியணும்னா யார்கிட்டச் சொல்லலாம்? கணவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், வீட்டுப் பெண்ணிடமும் தனியாகக் கேளுங்கள், இரண்டு பதிலும் வேறாக இருக்கும். திரும்பத் திரும்ப வந்த பெயர்களை எழுதி, காப்பீட்டுத் தேதியையும் விதை மானிய விவரத்தையும் கூட்டத்துக்கு முன்பே அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களில் பலர் கூலி வேலை பார்க்கிற பெண்களாக இருப்பார்கள். ஊருக்காகப் பேசுகிற பேச்சை அவர்கள் தலையில் சம்பளமில்லாத இன்னொரு வேலையாகக் கட்டிவிடாதீர்கள். போனுக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுங்கள், நகரத்துக்கு விவரம் கேட்கப் போகிற நாளுக்குக் கூலியைக் குழுக் கணக்கில் கொடுங்கள், குழுக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எந்தத் தெருவிலிருந்து ஒரு பெயரும் வரவில்லையோ, அந்தத் தெருவுக்கு இந்த வருசம் நீங்களே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
கரிசல் மண்ணிலிருந்து